வெங்காய மூட்டைக்கு அடியில் 44 கிலோ கஞ்சா: "எனக்குத் தெரியாது" என்றால் கோர்ட் நம்புமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் மினி லாரி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். வண்டி அக்கா பெயரில் இருக்கிறது, ஃபைனான்ஸ் தவணை இன்னும் முடியவில்லை. ஆந்திராவிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு வெங்காய லோடு ஏற்றி வந்தபோது, தஞ்சாவூருக்குக் கொஞ்சம் முன்னால் விடியற்காலையில் போலீஸ் மறித்து, மூட்டைகளுக்கு அடியிலிருந்து 44 கிலோ கஞ்சாவை எடுத்திருக்கிறார்கள். "அத்தானுக்கு அது இருந்ததே தெரியாது. தெரியாமல் ஏற்றி வந்ததற்கும் தண்டனை உண்டா? அவருக்குத் தெரியும் என்று எப்படி நிரூபிப்பார்கள்?" என்பது கேள்வி.

தம்பி, தஞ்சாவூர் கோர்ட்டுகளில் 25 வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி வழக்குகளை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். தெரியாமல் சுமந்தவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் இந்தச் சட்டத்தில் "தெரியாது" என்று வாயால் சொல்லிவிட்டுக் கை கட்டி நிற்க முடியாது. மற்ற கிரிமினல் வழக்குகளில் எல்லாவற்றையும் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும், நாம் பேசாமல் இருந்தாலே போதும் என்று ஊரில் சொல்வார்களே, அந்த நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள்.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. 44 கிலோ என்பது வணிக அளவு. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் 20 வருடம் கடுங்காவல், அதோடு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை அபராதம். நீதிபதி இரக்கப்பட்டாலும் 10 வருடத்துக்குக் கீழே இறங்க அவருக்கு வழியில்லை. அதனால்தான் "தெரியுமா, தெரியாதா" என்ற ஒரு கேள்வி ஒரு குடும்பத்தின் 10 வருடத்தைத் தீர்மானிக்கிறது.

அந்தச் சட்டத்தில் 35, 54 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று தெரிந்துவிட்டால், நீங்கள் கணக்குச் சொல்லும்வரை குற்றம் செய்ததாகவே அனுமானிக்கலாம் என்கிறது 54. குற்ற மனநிலை இருந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை நீங்கள் காட்டுங்கள் என்கிறது 35. குற்ற மனநிலை என்ற சொல்லுக்குள் எண்ணம், நோக்கம், அறிவு எல்லாம் அடக்கம். "நம்புவதற்குக் காரணம் இருந்தது" என்பதும் அதற்குள் வருகிறது. அந்தக் கடைசித் துண்டுதான் டிரைவர்களை மாட்டிவிடுவது. "பிரித்துப் பார்க்கவில்லை சார்" என்பார்கள். பிரித்துப் பார்க்காமல் இருந்தது அப்பாவித்தனமா, தெரிந்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டதா என்று கோர்ட் கேட்கும்.

இந்தப் பிரிவுகள் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2008-ல் நூர் ஆகா வழக்கில் பதில் வந்தது. பிரிவுகள் செல்லும், ஆனால் முதல் சுமை அரசுத் தரப்பின் மேல்தான் என்றார்கள். பொருள் எங்கே இருந்தது, யார் கட்டுப்பாட்டில் இருந்தது, முறைப்படி எடுத்தார்களா, எடுத்த பொருள்தான் ஆய்வகத்துக்குப் போனதா என்ற அடிப்படை விஷயங்களை அவர்கள் சந்தேகமில்லாமல் நிரூபித்த பிறகுதான் அனுமானம் வேலை செய்யும். அப்போதும் குற்றம் சாட்டப்பட்டவர் காட்ட வேண்டியது, தன் தரப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குத்தான். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 35-வது பிரிவின் வாசகம் அதைவிடக் கடுமையாக இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டு என்றே எழுதியிருக்கிறது. அரசு வக்கீல் அந்த வாசகத்தைத்தான் படித்துக் காட்டுவார். ஆகவே நூர் ஆகா காப்பாற்றும் என்று பாதி ஆதாரத்தோடு போய் நிற்காதீர்கள்.

சரி, மனசுக்குள் இருப்பதை எப்படி நிரூபிக்கிறார்கள்? வெளியே கிடக்கும் சின்னச் சின்ன விஷயங்களை வைத்துத்தான். அதில் நான் முதலில் பார்ப்பது பொருள் இருந்த இடம். பண்டல் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், போர்வைக்குள் சுற்றி இருந்ததா? லோடின் நடுவில் 40-வது மூட்டைக்குக் கீழே இருந்ததா? வண்டியின் தரைத்தகடுக்கு அடியில் தனியாக அறை வெல்டிங் செய்து வைத்திருந்ததா? கேபினுக்குள் என்றால் கிட்டத்தட்ட தப்பிக்க முடியாது. ரகசிய அறை என்றால் வண்டிக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் தெரியாமல் அது வந்திருக்க முடியாது. லோடுக்கு நடுவில் என்றால்தான் உண்மையான சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. கைப்பற்றுதல் மகஜரின் (எதை எங்கே எடுத்தோம் என்று போலீஸ் எழுதும் பதிவின்) நகலை வாங்கி, இந்த இடத்தை எந்த வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "வண்டியிலிருந்து" என்று மொட்டையாக எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் அது நமக்கு முதல் கதவு.

அடுத்தது வாடகை. இதை வக்கீல்களே பல பேர் கவனிப்பதில்லை. ஒரு லோடுக்கு மார்க்கெட்டில் என்ன வாடகை ஓடுகிறதோ அதைத்தான் வாங்கினார் என்றால், அது அவர் பக்கம் பேசும் சாட்சி. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கியிருந்தால் ஏன் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பணம் யாரிடமிருந்து வந்தது என்பதும் அப்படித்தான். மண்டிக்காரர் கணக்கிலிருந்தா, முகம் தெரியாத ஒருவரின் ஜிபே நம்பரிலிருந்தா? வெங்காயத்துக்கு இ-வே பில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்சீட்டு) தேவையில்லை. வரி இல்லாத சரக்கு. காய்கறி லோடுக்குள் இவர்கள் ஒளிந்துகொள்ள அதுவும் ஒரு வசதிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதையே திருப்பிப் போட்டால், "இ-வே பில் இல்லாமல் ஓட்டினார், அதனால் தெரிந்திருக்கும்" என்று யாரும் வாதாட முடியாது. மண்டிச் சீட்டு ஒன்று இருந்தால் போதும்.

அப்புறம் செல்போன். லோடு ஏற்றிய ஊரிலிருந்து பிடிபட்ட இடம் வரை யாரோடு, எத்தனை முறை பேசினார்? இறக்க வேண்டிய இடத்தில் காத்திருந்த ஆளோடு ஏற்கெனவே பேச்சு இருந்ததா, இந்த ஒரு டிரிப்புக்குத்தானா? சிம் எத்தனை? வழக்கமான டிரைவர் வீட்டுக்குப் பேசுவார், மண்டிக்குப் பேசுவார், டீசல் போட்ட இடத்தில் ஒரு தடவை பேசுவார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே நம்பரோடு பேசிக்கொண்டு வந்தால் அது வேறு கதை. சுங்கச்சாவடியைத் தவிர்த்து ஊருக்குள் புகுந்து வந்தாரா என்பதை ஃபாஸ்டேக் பதிவே சொல்லிவிடும்.

ஓடினாரா என்று கேட்பார்கள். நடத்தை ஒரு சாட்சியம்தான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு ஆறு பேர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தால், ஒன்றும் தெரியாதவனும் பயந்து ஓடுவான். தனியாக அதை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற விஷயங்களோடு சேரும்போதுதான் அதற்கு எடை.

வாசனையையும் சொல்லிவிடுகிறேன். பச்சையாகக் கட்டிய கஞ்சா பண்டலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழுப்பு டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றினாலும் ஒரு காரம் கசியும். கோர்ட்டில் பறிமுதல் செய்த பண்டலைப் பிரிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் மூக்கைத் திருப்புவார்கள். "இந்த வாசனை டிரைவருக்கு வராமலா இருந்திருக்கும்?" என்று அரசு வக்கீல் கேட்பார். கருவாட்டு லோடோ, புழுங்கிய வெங்காயமோ இருக்கும் வண்டியில், கேபினுக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே இருந்தால் வராது என்பதுதான் பதில். அதை வாதமாகச் சொன்னால் மட்டும் பத்தாது. பறிமுதல் செய்த அதிகாரியையே கேட்க வேண்டும்: "வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது உங்களுக்கு வாசனை வந்ததா?" வந்தது என்று முதல் அறிக்கையில் எழுதியிருக்க மாட்டார்.

நான் நடத்திய ஒரு வழக்கு. ஒரத்தநாடு பக்கத்துப் பையன், கிளீனர், 19 வயது. டிரைவரோடு அவனையும் சேர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். கேபினில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பித்தான் பிடித்தார்கள். அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் திருச்சியிலதான் சார் ஏறுனேன், அதுக்கு முன்னாடி வேற ஆளு இருந்தாரு." யாரும் நம்பவில்லை. அவன் அம்மா மாட்டை விற்று முன்பணம் கொண்டு வந்தார். நாங்கள் செய்ததெல்லாம், திருச்சிக்கு முந்தைய சுங்கச்சாவடியின் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று மூன்றாவது வாரத்திலேயே மனு போட்டதுதான். அந்தப் பதிவில் டிரைவருக்குப் பக்கத்தில் மீசை வைத்த நடுவயது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையனின் போன் அந்த நேரத்தில் ஒரத்தநாட்டு டவரில் இருந்தது. லோடு கட்டும்போது அவன் அங்கே இல்லை என்பது அதோடு தெளிவாகிவிட்டது. விடுதலை ஆனான். ஆனால் அதற்கு முன்னால் 14 மாதம் உள்ளே இருந்தான். அந்த 14 மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அந்த மீசைக்காரரைத் தேடியதாகவும் எனக்குத் தெரியவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறாது. கஞ்சா நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, வேதாரண்யம் கோடியக்கரைப் பக்கம் படகேற்றி இலங்கைக்குக் கடத்துகிறார்கள், பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிபடுவது பெரும்பாலும் ஸ்டியரிங்கில் இருப்பவனும் சுமை தூக்குபவனும். அனுப்பியவனும் வாங்க இருந்தவனும் குற்றப்பத்திரிகையில் "தலைமறைவு" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2002-ல் அவதார் சிங் வழக்கில், வண்டியில் கசகசாச் செடியின் காய்த்தோடு மூட்டைகள். சிலர் ஓடிவிட்டார்கள், டிரைவரும் மூட்டை மேல் இருந்தவர்களும் மாட்டினார்கள். யாருக்கு என்ன பங்கு, மூட்டைக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு என்று விசாரிக்கவே இல்லை என்று சொல்லி விடுவித்தார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கில், ராத்திரி நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவரின் தண்டனையை உறுதி செய்தார்கள். அதே 2003-ல் மதன் லால் வழக்கு: ஒரே காரில் ஐந்து பேர், உள்ளே சரஸ் என்ற கஞ்சாப் பிசின். ஒன்றாகப் பயணம் போனவர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், எப்படி வந்தது என்று யாரும் விளக்கவில்லை. ஐந்து பேருக்கும் தண்டனை. சொந்தக்காரில் நண்பர்களோடு போவதும் மன்னை எக்ஸ்பிரஸில் முன்பின் தெரியாதவர்களோடு போவதும் ஒன்றல்ல. ரயிலில் சீட்டுக்கு அடியில் கிடந்த பையை உங்களோடு இணைக்க வேறு ஏதாவது வேண்டும்: பைக்குள் உங்கள் துணி, உங்கள் பெயரில் ஒரு ரசீது, பைப்பூட்டின் சாவி உங்கள் சட்டைப்பையில். அந்தச் சாவி ஒன்று போதும்.

இடத்துக்கும் இதே கணக்குத்தான். நம் பக்கத்தில் வாய்க்கால் கரையில் பம்ப்செட் கொட்டகை இருக்கிறதே, பாதிக்குக் கதவே இருக்காது. மழைக்கு ஒதுங்குகிறவர், சீட்டாடுகிறவர், ஆடு மேய்க்கிறவர் எல்லோரும் உள்ளே போய் வருவார்கள். அதில் ஒரு மூட்டையை எடுத்தால், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைப் பிடிப்பது சுலபம். பட்டா மட்டும் அறிவுக்கு ஆதாரமாகாது. மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றில் 48 கிலோ கஞ்சா எடுத்த வீட்டைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றிருந்தார்; பழைய வாக்காளர் பட்டியலை வைத்துத் தண்டித்ததை 2020-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இப்போது உங்கள் அத்தான் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்துக்கு வருகிறேன். "எனக்குத் தெரியும், இன்னாரிடம் வாங்கினேன்" என்று நாலு பக்கம் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. மத்திய போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் 67-வது பிரிவில் எழுதி வாங்குவதும் அப்படித்தான் என்று, நம் தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்புச் சொன்னார்கள். கூட மாட்டியவர் "இவனுக்கும் தெரியும்" என்று போலீஸிடம் சொன்னதற்கும் அதே கதிதான். ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் சொன்ன தகவலால் புதிதாக ஒரு பொருளை, இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்றால் அந்த அளவுக்கு அது செல்லும்.

மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் சோதனை கேட்கும் உரிமையைத் தரும் 50-வது பிரிவை வைத்து வழக்கு உடைந்துவிடும் என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால் அதை நம்பாதீர்கள். அது உடம்பைச் சோதிப்பதற்கு மட்டும். பைக்கும் வண்டிக்கும் பொருந்தாது.

2024 ஜூலை 1-லிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. தார்ப்பாயை அவிழ்க்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது, பண்டல் வெளியே வந்தபோது அதிர்ந்தாரா, ஏற்கெனவே தலைகுனிந்து நின்றாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். நகல் கேளுங்கள்.

இந்த வாரமே ஓட வேண்டிய வேலைகள் இவை. சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க், சாப்பிட்ட ஹோட்டல், லோடு ஏற்றிய மண்டி ஆகிய இடங்களின் கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். பாதுகாக்கச் சொல்லி கோர்ட்டில் மனு போடச் சொல்லுங்கள். அவருடைய போன் அழைப்பு விவரத்துக்கும் டவர் விவரத்துக்கும் அதேபோல. வீட்டில் வாடகைக் கணக்கு எழுதும் நோட்டு இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். டீக்கறையோடு, கோணல் எழுத்தோடு, நாள் தவறாமல் எழுதிய ஒரு நோட்டு, "வழக்கமான வாடகை இவ்வளவு, இந்த டிரிப்புக்கும் இவ்வளவுதான்" என்று காட்டினால், பெரிய வக்கீலின் ஒரு மணி நேர வாதத்தைவிட அது மேல். அதில் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். சேர்த்தது தெரிந்தால் உண்மையாக இருந்ததும் பொய்யாகிவிடும். அத்தானுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால், அதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். நான் மேலே சொன்னது எதுவும் அவருக்கு உதவாது. ஸ்டேஷனில் ஒன்று, ரிமாண்டில் ஒன்று, கடைசியில் நீதிபதி கேள்வி கேட்கும்போது இன்னொன்று என்று மூன்று கதை சொன்ன டிரைவர் ஒருவருக்காக நான் வாதாடித் தோற்றிருக்கிறேன். மூன்றில் ஒன்று உண்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜாமீன் சுலபமில்லை. வணிக அளவு என்றால் 37-வது பிரிவு குறுக்கே நிற்கும். அவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். பொருள் இருந்த இடம், வாடகை, போன் விவரம் ஆகிய மூன்றையும் ஜாமீன் மனுவிலேயே வைக்கச் சொல்வது அதனால்தான். 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை, நீட்டிப்பும் வாங்கவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் தாமதத்தைக் காட்டியும் ஜாமீன் கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கு தஞ்சாவூர் மாவட்டத்தில் என்பதால் உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர் மாவட்ட எல்லைக்குள் பிடித்திருந்தால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு போன் போடுங்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

வண்டி அக்கா பெயரில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். 60-வது பிரிவுப்படி வண்டியைப் பறிக்கலாம். பறிக்காமல் இருக்க, உரிமையாளருக்கும் ஓட்டியவருக்கும் தெரியாமல் நடந்தது என்பதோடு, இருவரும் தங்களால் முடிந்த முன்னெச்சரிக்கை எடுத்தார்கள் என்றும் காட்ட வேண்டும். வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக வண்டியை விடத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஓட்டியவரே குற்றம் சாட்டப்பட்டவர், அவர் உரிமையாளரின் கணவர் எனும்போது அது கடினம். தவணையைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள், முடிந்தால் ஃபைனான்ஸ்காரரிடம் எழுத்தில் அவகாசம் கேளுங்கள்.

அடுத்த முறை சிறையில் மனு போட்டு அத்தானைப் பார்க்கும்போது வேறு எதையும் கேட்பதற்கு முன்னால், லோடு ஏற்றிய அன்று நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மூட்டை ஏற்றும்போது அவர் வண்டியருகில் நின்றாரா, சாப்பிடப் போனாரா, சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார், திரும்பி வந்தபோது தார்ப்பாயைக் கட்டி முடித்திருந்தார்களா, அதைக் கட்டியது யார்.